கல் பொங்கிய காலை

கல் பொங்கி நான் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அடுப்பில் வைத்த பாலைப் போலப் பொங்கியது. பொங்க வைத்தவன் நான்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. திண்டிவனத்துக்கு வெளியே, விழுப்புரம் போகிற சாலையில் இருக்கும் ஒரு கிரானைட் கட்டிங் யூனிட்டில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவன். இப்போது மெஷின் ஓட்ட வருகிற பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த வீடியோவிலும் யாரும் தான் கெடுத்த கல்லைக் காட்டுவதில்லை. அதை நான் காட்டுகிறேன்.

1. மடியில் வந்த கல்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதம். காலை பத்து மணிக்கு ஒரு பெண் யூனிட்டுக்குள் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பழைய பெட்ஷீட்டில் எதையோ சுற்றிக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் தமிழரசி. ஊர் திருவெண்ணெய்நல்லூர். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். இவள் நிலவியல் படித்துவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

பெட்ஷீட்டைப் பிரித்தாள். ஒன்றரை அடி நீளத்தில், பெரிய முள்ளங்கியைத் தலைகீழாக நிறுத்தியது போல ஒரு கல். அடியில் பருத்து, மேலே போகப் போக ஒடுங்கி, நுனி மொழுக்கென்று இருந்தது. பழுப்பு நிறம்.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கல்லா, கெழங்கா?"

"குகையில வளந்த கல்லு சார். இத நீளவாட்டுல ரெண்டா அறுக்கணும்."

"குகைன்னா? நம்ம மண்டகப்பட்டா?"

"அது மனுஷங்க செதுக்குன குகை சார். இது தானா உண்டான சுண்ணாம்புக் குகை. ஆந்திரா பக்கம்."

அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு, குகையின் கூரையிலிருந்து சொட்டுமாம். விழுகிற ஒவ்வொரு சொட்டும் தரையில் துளி சுண்ணாம்பை விட்டுப்போகும். அப்படிச் சொட்டிச் சொட்டி ஆயிரக்கணக்கான வருடங்களில் வளர்ந்ததுதான் இந்தக் கல். உள்ளே அறுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் குகையில் வருடத்துக்கு ஓர் அடுக்கு. மழை கொட்டித் தீர்த்த வருடத்து அடுக்கில் எடை குறைந்த வகை ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும்; காய்ந்த வருடத்து அடுக்கில் குறைவாக இருக்கும். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரிச் சின்ன ட்ரில்லால் அடுக்குகளிலிருந்து தூள் எடுத்து மெஷினில் கொடுத்தால், எந்தக் காலத்தில் மழை பெய்தது, எந்தக் காலத்தில் பொய்த்தது என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பனமலைப் பக்கம் முக்கால் ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிறவன். மழை என்றால் என் காது தானாகத் திரும்பும்.

"அப்போ இந்த வருஷம் மழ வருமான்னு இது சொல்லுமாம்மா?" என்று கேட்டேன்.

"வரப்போறத சொல்லாதுண்ணா. வந்தத சொல்லும். எங்கப்பா வருஷா வருஷம், 'இந்த மாதிரி காஞ்சதே இல்ல, இந்த மாதிரி காஞ்சதே இல்ல'ன்னு சொல்லிக்கினே இருக்காரு. அது நெஜமான்னு பாக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். என் வீட்டிலும் அதே பாட்டுதான். பாடுகிறவன் நான்.

அவளுடைய காலேஜில் இருந்த ரம்பம் சின்னது, இந்தக் கல்லைத் தாங்காது. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் நான்கு மாதம் ஆகும். அவளுக்கு இருந்த அவகாசம் அதற்குள் முடிந்துவிடும். குகையிலிருந்து ஒரே ஒரு கல் எடுக்கத்தான் வனத்துறை அனுமதி கொடுத்திருந்தது. இன்னொன்று கேட்டாலும் கிடைக்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி முகத்தைச் சுளித்தார். நான்தான் முந்திக்கொண்டு, "நான் அறுத்துத் தர்றேன்மா" என்றேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

2. ஒரு நூல் தள்ளி

குகைக் கல் கிரானைட்டைப் போல இறுக்கமானது அல்ல. பிளேடின் அதிர்ச்சியில் பிளந்துகொள்ளும். அதனால் பிளைவுட் பெட்டி செய்து, கல்லைப் படுக்க வைத்து, சுற்றிலும் பி.ஓ.பி. என்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினோம். நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அதையும் பி.ஓ.பி. ஊற்றி மூடும் முன் தமிழரசி அந்த நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அறுத்தால் இரண்டு பாதியிலும் கொஞ்சம் கொஞ்சம் அந்தக் கோடு இருக்கும்.

"இந்தக் கோடுதான்ண்ணா, நான் கல்ல எடுத்த நாளு. அன்னிக்கும் இதும்மேல சொட்டு விழுந்துக்கினுதான் இருந்துச்சி. இங்கருந்துதான் பின்னாடி எண்ணிக்கினு போவேன்."

கல்லின் நடுத்தண்டு முழுசாக ஒரு பாதியில் நிற்க வேண்டும் என்பதால் நடுவிலிருந்து ஒரு நூல் தள்ளி அறுக்கச் சொன்னாள். நூல் என்பது எங்கள் அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கல்தூள் ஸ்லரி கலந்த பழைய தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீர் விடுங்கள் என்றாள். கிளம்பும்போது இரண்டு விஷயங்களைத் திரும்பவும் சொன்னாள். நாளைக்கு நான் வந்த பிறகு அறுங்கள். தண்ணீரைத் தவிர எதுவும் படக் கூடாது.

"தெரியும்மா" என்றேன். எனக்குத் தெரியாது.

3. ஒரு மக்

மறுநாள் காலை முதலாளி அவசரப்படுத்தினார். பத்தரை மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்கான ஸ்லாப் மெஷினில் ஏற வேண்டும்.

"யோவ் ஏழுமல, அந்தக் கெழங்க ஜல்தியா அறுத்துப் போட்டுட்டு மெஷின காலி பண்ணு. அந்தப் பொண்ணு எப்ப வந்து, நீ எப்ப முடிக்கிறது?"

சரி, அறுத்து வைத்துவிட்டால் அவளுக்கும் நேரம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். மெல்லிய பிளேடைப் போட்டு, ஃபீடை, அதாவது பிளேடு கல்லுக்குள் போகிற வேகத்தை, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து இறக்கினேன். சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினேன். முக்கால் மணி நேரம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல் விரிசல் விடவில்லை. அவ்வளவு சுத்தமான அறுப்பு என் கையில் அதற்கு முன் விழுந்ததில்லை.

நடுத்தண்டு இருக்கும் பெரிய பாதியை மட்டும் பி.ஓ.பி.யைத் தட்டி வெளியே எடுத்தேன். சின்னப் பாதி பெட்டியிலேயே கிடந்தது. எடுத்த கல்லின் முகம் முழுக்க பி.ஓ.பி. பால் அப்பி வெள்ளையாக இருந்தது. அடுக்கு எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் வரும்போது பளிச்சென்று காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை.

கிரானைட் வேலை செய்கிறவனுக்கு இந்த இடத்தில் யோசனையே கிடையாது. சிமெண்ட் கறையா, துருக்கறையா, பி.ஓ.பி.யா, ஒரு மக் ஆசிட் ஊற்றி பிரஷ் போட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டியதுதான். கிரானைட்டை ஆசிட் ஒன்றும் செய்யாது. முப்பது வருடமாக ஒரு நாளைக்குப் பத்து முறை செய்த வேலை. கல்லைச் சுவரில் சாய்த்து, நுனியிலிருந்து கீழே வழிகிற மாதிரி ஒரு மக் ஆசிட்டை ஊற்றினேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டு, பிளேடு மாற்ற மெஷின் பக்கம் போனேன்.

பாலிஷ் பார்க்கிற வசந்தாதான் கத்தினாள்.

"அண்ணா! கல்லு பொங்குதுண்ணா!"

திரும்பினேன். நுனியிலிருந்து நுரை கொப்பளித்து வழிந்துகொண்டிருந்தது. சுர்ரென்று சத்தம். சுண்ணாம்பில் ஆசிட் பட்டால் கரையும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? சிமெண்ட் கறை போவதே அதனால்தானே. இந்தக் கல் முழுக்க சுண்ணாம்பு என்று அவள் முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். அந்த இரண்டையும் என் மண்டை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. கைக்குப் பழகிப்போன வேலையைக் கை செய்துவிட்டது.

ஓடிப்போய் ஹோஸைப் பிடுங்கித் தண்ணீரைப் பீய்ச்சினேன். நுரை அடங்கியது. அறுத்த முகம் சொரசொரவென்று ஆகியிருந்தது. அது பரவாயில்லை, மேலாக இன்னும் கொஞ்சம் தேய்த்தால் உள்ளே நல்ல கல் இருக்கும். நுனியைப் பார்த்தேன். பென்சில் கோட்டைக் காணோம். கோடு இருந்த கல்லையே காணோம். தொட்டுப் பார்த்ததில் சுமார் அரை நூல் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அண்ணா, விழுப்புரத்துல பஸ் ஏறிட்டேன். வந்துக்கினே இருக்கேன்."

"வாம்மா" என்றேன்.

4. ஒரு மணி நேரம்

விழுப்புரத்திலிருந்து பஸ் வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இன்றைக்கும் நான் கனவில் பார்க்கிறேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வந்து குனிந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"அர நூலு கல்லுக்கா மூஞ்ச இப்படி வச்சிக்கினு நிக்கிற?"

"அந்த நுனிதாங்க மொதலாளி அதுக்கு முக்கியம். அங்கருந்துதான் எண்ணுமாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தணிந்த குரலில், "ஃபாரெஸ்ட்காரன் லெட்டரு இருக்குதுன்னு சொல்லிச்சில்ல? கம்ப்ளெய்ண்ட் கிம்ப்ளெய்ண்ட்னு வந்தா பேஜாரு. இப்ப இன்னா பண்ற, அந்த இன்னொரு பாதிய எடு. அதும் நுனியிலயும் அர நூலு தேச்சி வுடு. ரெண்டும் ஒண்ணா பூடும். கோடு எங்கன்னு கேட்டா தண்ணியில அழிஞ்சிட்சின்னு சொல்லு. யாரு கண்டுபிடிப்பான்?" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மறைப்பதும் எங்கள் தொழிலில் ஒரு வேலைதான். ஸ்லாபில் விரிசல் விழுந்தால் ரெசின் பசையோடு அதே கல்லின் தூளைக் கலந்து நிரப்பி, மேலே பாலிஷ் போட்டால் பெற்ற தாய்க்கும் தெரியாது. நான் அதில் கைதேர்ந்தவன். திண்டிவனத்தில் எத்தனை வீட்டு அடுப்பங்கரை மேடைகளில் என்னுடைய விரிசல்கள் பளபளத்துக்கொண்டிருக்கின்றன என்று எனக்கே தெரியாது. 'யாராலயும் கண்டுபிடிக்க முடியாது' என்பதுதான் எங்கள் யூனிட்டில் பெரிய பாராட்டு.

பெட்டியைப் பாலிஷ் மெஷினுக்கு எடுத்துப் போனேன். சின்னப் பாதியின் நுனியைச் சுற்றி இருந்த பி.ஓ.பி.யைக் குச்சியால் சுரண்டினேன். நுனி வெளியே வந்தது. அதில் பென்சில் கோடு இருந்தது. சுட்டு விரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. சுவிட்சைப் போட்டேன். தேய்க்கிற பேட் சுற்ற ஆரம்பித்தது. இரண்டே நிமிட வேலை.

வசந்தா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு பஸ்ல இத கீழயே வெக்கலியாம்ண்ணா. மடியிலயே வச்சிக்கினு வந்துச்சாம்" என்றாள்.

நுனியைப் பேட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பாதி கெட்டது என் தப்பு. இந்தப் பாதியையும் தேய்த்தால், அவள் பார்க்கிற இரண்டு நுனியும் ஒரே மாதிரிப் பொய் சொல்லும். இல்லாத இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்து, ஆயிரம் வருடத்துக்கும் தப்பாகவே எண்ணிக்கொண்டு போவாள். அதற்கு மேல் என் கை நகரவில்லை. நான் பெரிய மனசுக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறைக்கத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தேன். சுவிட்சை அணைத்தேன்.

முதலாளி தூரத்திலிருந்து, "முடிஞ்சிதா?" என்றார்.

"முடியாதுங்க" என்றேன்.

5. கோடு

அவள் கேட்டுக்குள் நுழையும்போதே நான் எதிரே போய்விட்டேன். ஒத்திப் போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே என்னைத் தெரியும்.

"உன்ன கேக்காம அறுத்துட்டேன்மா. அறுப்பு நல்லா வந்துச்சி. அப்புறம் கழுவறதுக்கு ஆசிட் ஊத்திட்டேன். நுனி போச்சி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. கல்லைக் காட்டினேன். அப்படியே பக்கத்தில் கிடந்த ஸ்லாபின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினாள்.

"தண்ணி மட்டும்னு சொன்னேனேண்ணா. ரெண்டு வாட்டி சொன்னேனே."

என் வயதில், என் மகள் வயதுப் பெண் முன்னால் அப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை. வசந்தா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எவ்வளவு ஆசிட்? எந்தப் பக்கத்திலிருந்து ஊற்றினீர்கள்? எத்தனை நிமிடம் நின்றது? ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"இன்னொரு பாதி?"

"பொட்டியிலயே இருக்குதும்மா."

"அதுல ஆசிட் பட்டுச்சா?"

"படல. நுனிய மட்டும் சொரண்டி எடுத்தேன். தேய்க்கலாம்னு மெஷின் வரைக்கும் கொண்டு போனேன். தேய்க்கல."

எதற்காகத் தேய்க்கப் போனேன் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று பேரும் உட்கார்ந்து மரக்குச்சியால் பி.ஓ.பி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தோம். சின்னப் பாதி முழுசாக வெளியே வந்தது. அவள் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். நுனிக்குக் கீழே காப்பிக் கறை போல ஒரு பழுப்புக் கோடு இரண்டு பாதியிலும் ஓடியது. ஒரே அடுக்கு, பிளேடு இரண்டாக்கியது. சின்னப் பாதியில் அந்தப் பழுப்புக் கோட்டிலிருந்து பென்சில் கோடு வரைக்கும் அளந்தாள். பெரிய பாதியில் அதே கோட்டிலிருந்து கரைந்த நுனி வரைக்கும் அளந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுதான் நான் கரைத்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சரியாக எண்ணிவிடலாம் என்றாள்.

"ஓரத்துல அடுக்கு மெலிசா இருக்கும்ண்ணா. நடுத்தண்டு அளவுக்கு நம்ப முடியாது. ஆனா எண்ணறதுக்குப் போதும்." சொல்லிவிட்டுப் பெரிய மூச்சாக விட்டாள். அப்போதுதான் சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

கல்லின் அறுத்த முகத்தை நல்ல தண்ணீர் விட்டு, அவள் பக்கத்தில் நின்று பார்க்க, கையாலேயே தேய்த்துக் கொடுத்தேன். சொரசொரப்பு போனதும் அடுக்குகள் வந்தன. வெள்ளை, பழுப்பு, சாம்பல், மயிரிழை மாதிரி ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் ஒரு வருடத்து மழை. கிரானைட்டில் முப்பது வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன், அன்றைக்குத்தான் ஒரு கல்லைப் பார்த்துக் கண் கலங்கினேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். "பத்தொன்பதுண்ணா" என்றாள். ஒரு மக் ஆசிட்டில் பத்தொன்பது வருடம். என் மகள் பிறந்து காலேஜ் சேர எத்தனை வருடம் ஆனதோ, அத்தனை வருடத்து மழை.

6. பென்சில்

முதலாளி என்னை மூன்று மாதம் மெஷினைத் தொட விடவில்லை. யார்டில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். கோபம் ஆறியதும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் யூனிட்டில் எந்தப் புதுக் கல் வந்தாலும், அடிப்பக்க மூலையில் ஒரே ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்த்த பிறகுதான் மக்கைத் தொடுவோம். ஆசிட் கேன் மேல் வசந்தா பெயிண்டில் எழுதியே வைத்துவிட்டாள்: முதலில் ஒரு சொட்டு. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் கழித்துத் தமிழரசி யூனிட்டுக்கு வந்தாள். ஆராய்ச்சி முடிந்து பட்டம் வாங்கிவிட்டாள். தடிமனான ஒரு புத்தகத்தை நீட்டினாள்.

"உங்கப்பா சொன்னது நெஜமாம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லண்ணா. இதவிட மோசமா, வருஷக்கணக்குல விடாம காஞ்ச காலம்லாம் கல்லுல இருக்குது. அவருகிட்ட சொன்னேன். 'அப்ப இருந்தவன் எவனும் எங்கிட்ட சொல்லலியே'ன்றாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு பாதிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படம். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. தமிழில் சொன்னாள்: அறுத்த பிறகு ஆசிட் பட்டு ஒரு பாதியின் மேல் பத்தொன்பது அடுக்குகள் கரைந்துவிட்டன, அவற்றின் எண்ணிக்கை மறு பாதியிலிருந்து எடுக்கப்பட்டது.

"நீங்க மறைச்சிருந்தீங்கன்னா, ஒவ்வொரு பஞ்சத்தையும் பத்தொன்பது வருஷம் தள்ளி எழுதியிருப்பேன்ண்ணா. யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

வாழ்க்கை முழுக்கக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அதே பாராட்டுதான். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு உடம்பு சில்லிட்டது.

"உங்க பேரு அதுல போடல" என்றாள்.

"ஏம்மா, போட்டிருக்கலாமே. கெடுத்தவன் நான்தானே."

அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, பையில் துழாவி ஒரு பென்சிலை எடுத்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதி, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

'ஏழுமலை அண்ணா சொன்னது' என்று எழுதியிருந்தாள்.